மூன்று பத்தில் நின்ற மணிக்கூடு

"கம்பனி கையை விரிச்சிட்டுது, சச்சி அண்ணை," என்றாள் நாகேஸ்வரி.

அது 1972 ஏப்ரல். செவன் ஹில்ஸ் என்ற வெள்ளைக்காரர் ஊரில், தொழிற்சாலைகளுக்கு நடுவே வடையும் ரோல்ஸும் விற்கும் சின்னக் கடை அவளுடையது. கணவன் செத்த பிறகு அவளுக்கும் கணவனின் அக்கா விமலாதேவிக்கும் சோறு போட்டது அந்தக் கடைதான். எதிர்க் கதிரையில் இருந்த சச்சிதானந்தன் ஒரு காலத்தில் யாழ்ப்பாணம் கோர்ட்டில் கிளார்க். இப்போது பக்கத்து ஊர் பரமட்டாவில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை. கூடவே வந்திருந்தான் கோபாலகிருஷ்ணன், மதுரைக்காரன், அவரோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் எஞ்சினியர். துப்பு என்று யாராவது வாய் திறந்தால் போதும், செருப்பை மாட்டிவிடுவான்.

"அஞ்சரைக்கே இருட்டிடுச்சு. கோடை முடிஞ்சு கடிகாரத்தைத் திருப்பி வச்சதிலேர்ந்து சாயங்காலம்னே ஒண்ணு இல்லை சார்," என்று முனகிக்கொண்டே அவன் விளக்கைப் போட்டான்.

நாகேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். போன டிசம்பர் இரண்டாம் திகதி, வியாழக்கிழமை; இந்த நாட்டில் அது கோடைகாலம். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜோ என்ற மோல்ட்டாக்காரன் கடையின் ஈரத் தரையில் வழுக்கினான். விழும்போது சுவர்த்தட்டைப் பிடித்தான்; தட்டும் வந்தது, அதிலிருந்த மணிக்கூடும் வந்தது. அவனுடைய முழங்கால் உடைந்தது. மணிக்கூடு மூன்று பத்தில் நின்றது.

இப்போது ஜோ வழக்குப் போட்டிருந்தான். 'கடைக்கு வருபவர் அடிபட்டு வழக்கு வந்தால் எங்கள் சட்டத்தரணி உங்களுக்காக வாதாடுவார்' என்று எழுதிக் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பனியோ பின்வாங்கிவிட்டது. பொலிசி தொடங்கியது அன்று பின்னேரம் நாலு மணிக்கு, விபத்து அதற்கு ஐம்பது நிமிடம் முந்தியது, ஆகவே வரமாட்டோம். அதற்குச் சாட்சி அந்த மணிக்கூடு. அதைக் கம்பனிக்காரன் கையில் தூக்கிக் கொடுத்ததும் நாகேஸ்வரிதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"திங்கட்கிழமை வழக்கு. எனக்காக எழும்பி நிக்க ஒருத்தரும் இல்லை. தோத்தா இந்தக் கடை போச்சு அண்ணை."

"ஜோதான் முள்ளைத் திருப்பியிருப்பான் சார்!" என்று கோபாலகிருஷ்ணன் குதித்தான்.

"அவனுக்கு அதிலை என்ன லாபம்? கம்பனி வந்தாத்தானே அவனுக்கு நட்டஈடு சுளையாக் கிடைக்கும்." சச்சிதானந்தன் நாகேஸ்வரியைப் பார்த்தார். "நீர் எங்கை நிண்டனீர்?"

"பின்னாலை பாத்திரம் கழுவினனான். சத்தம் கேட்டு ஓடி வந்தன். முகம் கழுவி, தலை சீவி, கையிலை வெறும் சாப்பாட்டுப் பெட்டியோடை வந்த மனிசன், பாவம், நிலத்திலை கிடந்து துடிக்கிறான். தரையைக் கழுவினது மச்சாள்."

கடைசிச் சொல்லை அவள் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். நாலு மாதமாக அவள் மச்சாளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. விமலாதேவி யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் தொங்கிய சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

"நீங்கள் அப்ப என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள், அக்கா?"

"வடை சுட்டனான். ராகு காலம் முடிஞ்ச கையோடை எண்ணெய் வைச்சு, முதல் ஈடு எடுக்கேக்கைதான் அவன் விழுந்தவன்."

சச்சிதானந்தன் பஞ்சாங்கத்தை நிமிர்ந்து பார்த்தார். "சனிக்கிழமை கம்பனிக்காரரை மணிக்கூட்டோடை வரச் சொல்லுவம்," என்றபடி எழுந்தார்.

சனிக்கிழமை காலை கம்பனி அதிகாரி ஹரிஸ் வந்து மணிக்கூட்டை மேசையில் வைத்தார். சச்சிதானந்தன் ஆங்கிலத்தில் நிதானமாகத் தொடங்கினார்.

"முகம் கழுவித் தலை சீவி, வெறும் பெட்டியோடு வருபவன் வேலை முடிந்து வருபவன். ஜோவின் தொழிற்சாலை விடுவது நாலு மணிக்கு. அன்று அவன் வெளியேறும்போது மெஷினில் குத்திய அட்டை, தொழிற்சாலையில் கேட்டு வாங்கியது, இதோ. நாலு மணி மூன்று நிமிடம்."

ஹரிஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியானால் இந்த மணிக்கூடு பொய்யா?"

"இல்லை. வியாழக்கிழமை ராகு காலம், எங்களுடைய ஆகாத நேரம், மூன்று மணிக்கு முடியும். இந்த அம்மா அதன் பிறகே அடுப்பில் எண்ணெய் வைப்பார். அன்று எண்ணெய் காய்ந்து முதல் ஈடு பொரிந்திருந்தது. ஆகவே மூன்று பத்தும் உண்மை, நாலு தாண்டியதும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாகும்? அந்தக் கோடையில்தான் அரசாங்கம் மணியை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஊரெல்லாம் தள்ளியது. ஒருவர் மட்டும் தள்ளவில்லை." அவர் திரும்பித் தமிழில் கேட்டார். "அப்பிடித்தானே, அக்கா?"

விமலாதேவி ஓரடி முன்னே வந்தாள். "அரசாங்கம் சொன்னாப்போலை சூரியன் முந்தி வருமே? ராகு காலம் சூரியன்ரை கணக்கு. கூட்டிக் கழிச்சா எனக்குக் குழம்பும். ஒருநாள் முள்ளைத் திருப்பினதுக்கு இவ ஏசினவ. அதுக்குப் பிறகு இவ பின்னாலை போன நேரம் பாத்துத் திருப்புவன், கடை பூட்டமுன்னம் பழையபடி வைப்பன். அண்டைக்கு வைக்கிறதுக்கிடையிலை விழுந்திட்டுது."

"அடக் கடவுளே, அப்ப விழுந்தது நாலு பத்து! பொலிசி தொடங்கிப் பத்து நிமிஷம்!" என்றான் கோபாலகிருஷ்ணன்.

ஹரிஸுக்கு அதை விளக்கிவிட்டுச் சச்சிதானந்தன் சொன்னார்: "ஜோ வெல்வானா தோற்பானா என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். அவன் சொல்வது முழுப் பொய்யாகவே இருந்தாலும், அதை எதிர்த்து இந்தப் பெண்ணுக்காக நிற்பேன் என்றுதானே எழுதிக் கொடுத்தீர்கள்?"

ஹரிஸ் தொப்பியை எடுத்தார். "திங்கட்கிழமை எங்கள் சட்டத்தரணி வருவார். உங்கள் டெலிபோன் எங்கே?"

நாகேஸ்வரி கதிரையில் பொத்தென்று இருந்தாள். நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. கூடவே கோபமும் வந்தது. "நாலு மாசம் நான் செத்துப் பிழைச்சனான். இதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை, மச்சாள்?"

"நீ என்னோடை கதைக்கேல்லையே, பிள்ளை."

கம்பனி வாதாட வரமாட்டேன் என்றதற்கு நாகேஸ்வரி எத்தனை ஏச்சு ஏசியிருப்பாள்! மச்சாளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளும் அதைத்தானே செய்திருந்தாள். எழுந்து போய் மச்சாளின் கையைப் பிடித்தாள். வெட்கமாக இருந்தது.

"தேத்தண்ணி போடட்டே, மச்சாள்?"

"ஒன்பது மணிக்கு ராகு காலம் துடங்குது," என்றாள் விமலாதேவி, கண்ணைத் துடைத்தபடி. "கெதியாப் போடு."