பிரேக் சேர்த்தே கொடுத்த ரயில்

செவ்வாய்க் கிரகத்துச் செம்மேட்டில் அன்று காலையும் பிச்சையா தன் வீட்டுக் கதவைத் திறக்கக் காசு கட்டினார். மூடுவதற்குத் தனிக் காசு. அங்கே அது பல் தேய்ப்பது மாதிரி. யாரும் யோசிப்பதில்லை.

பிறகு கண்ணுக்குள் பொருத்தியிருந்த காட்சிவில்லையை முடுக்கி, ரயில் ஓட்டும் விளையாட்டில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுத் தேவசகாயம் அடுத்த தண்டவாளத்தில் ஓட்டினார். விளையாட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் பாதிதான் முடிந்திருந்தது. மழை பெய்ய வேண்டுமா, தனிக் காசு கொடுத்து விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் கட்டு ஒன்று வாங்கு. சிக்னல் எரிய இன்னொரு கட்டு. பிரேக் வேறு. கடைசிப் பாலத்தை வரையவே இல்லை. வண்டி அந்தரத்தில் விழும்.

“களவாணிப் பயலுவ. இனிமே ஒத்தப் பைசா கொடுத்தேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடும் வே,” என்றார் பிச்சையா.

“போன கட்டு வாங்கும்போதும் இதத்தான் சொன்னீரு. இப்ப உம்ம பேரு என்ன?”

அப்போது செய்தி வந்தது. பள்ளத்தாக்குக்கு அப்பால் ஆஸ்பத்திரியில் கிடந்த பிச்சையாவின் மனைவி வடிவுக்கு இருதயம் ஓய்ந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கே வந்தால் பார்க்கலாம்.

புழுதிவண்டியில் போனால் மூன்று நாள் ஆகும். ஆனால் பொறியாட்கள், அதாவது அங்கே வேலை செய்யும் இயந்திரங்கள், அன்றைக்குத்தான் பள்ளத்தாக்கைச் சீக்கிரமே தாண்டிவிடும் நிஜ ரயில் ஒன்றை ஓடவிட்டிருந்தன. விளையாட்டை ஜனங்கள் திட்டிய திட்டையெல்லாம் உட்கார்ந்து கேட்டு, ஒரு குறை விடாமல் கட்டிய ரயில்.

பிச்சையா தேவசகாயத்தையும் கூட்டிக்கொண்டு ஓடினார். வண்டி வாசலில் ஒரு பொறியாள் நின்றது.

“பிரேக் எவ்வளவு?”

“டிக்கெட்டுலயே சேர்த்திங்க.”

“பாலம்?”

“கட்டி முடிச்சாச்சு. ஏறி உட்காருங்க.”

பிச்சையா திரும்பினார். “கேட்டீரா வே? எல்லாம் சேர்த்தியாம்.”

“எதையோ மறைக்கான் அண்ணாச்சி. முழுசா ஒருத்தன் கொடுப்பானா? பாதி வழியில கழுத்தைப் பிடிப்பான்.”

பிச்சையா ஒரு காலைப் படியில் வைத்தார். வடிவின் முகம் கண்ணில் நின்றது. அப்படியும் காலை எடுத்துவிட்டார். அவரைப் போலவே அங்கே கூடியிருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வண்டி காலியாகப் போய், காலியாகத் திரும்பியது.

பொறியாட்கள் கூடி யோசித்தன. மறுநாள் பிரேக் பிடியைக் கழற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, விலை எழுதி ஒட்டின. முழுதாக நின்ற பாலத்துக்கு ‘விரைவில் நிறைவுபெறும்’ என்று ஒரு பலகை மாட்டின.

கூட்டம் அலைமோதியது. கொள்ளைக்காரர்கள் என்று வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே முண்டியடித்து ஏறினார்கள்.

“இப்பத்தான் வே இது வண்டி மாதிரி இருக்கு,” என்றார் தேவசகாயம்.

பிரேக்குக்கு முதல் காசு கட்டியவர் பிச்சையாதான்.

ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாக இருந்தது. நர்ஸ் சொன்னாள்: “நேத்து சாயங்காலமே போயிட்டாங்க ஐயா. ரயில் வந்த சத்தம் கேட்டதும் என்னைய ஸ்டேஷனுக்கு அனுப்பி, ஒவ்வொரு பெட்டியா உங்களைத் தேடச் சொன்னாங்க. தேடினேன். ஒரு ஆள் இல்ல.”

பிச்சையா ஊர் திரும்ப ரயிலடிக்கு வந்தார். வாசலில் அதே பொறியாள்.

“ஐயா, திரும்பிப் போறதுக்குப் பிரேக் தனி.”

“திருட்டு நாய்ங்க,” என்று சொல்லிக் காசைக் கட்டிவிட்டு, பயமில்லாமல் ஏறி உட்கார்ந்தார்.