நான்கு நொடிக்கு முன்பே

இரண்டாவது இயந்திரம் நான்கு நொடி முந்திக்கொண்டிருந்தது.

திரையில் இருந்த நேரத்தை அவள் மூன்று முறை படித்தாள். முதல் இயந்திரத்தை அவள் தன் கையால் நிறுத்தியது பிற்பகல் சரியாக இரண்டு பத்துக்கு. இரண்டாவது அதன் வேலையை எடுத்துக்கொண்டதோ இரண்டு ஒன்பதாகி ஐம்பத்தாறாவது நொடியில். முதலாவது விழுந்த பிறகுதானே இரண்டாவது எழ வேண்டும்? விழப்போகிறது என்று அதற்கு யார் சொன்னது?

கடிகாரக் கோளாறாக இருக்கும் என்று நினைத்து இரண்டின் கடிகாரங்களையும் ஒப்பிட்டாள். இம்மியும் பிசகில்லை.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு வரும் ஒவ்வொரு அழைப்பும் பதிவாக வேண்டும் என்பது சட்டம். அதற்காகக் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத இந்த அறையில், இரண்டு பதிவு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று வேலை செய்யும். மற்றது அதையே பார்த்துக்கொண்டிருக்கும். நொடிக்கொரு முறை முதலாவது ‘இருக்கிறேன்’ என்று ஒரு சின்னத் துடிப்பை அனுப்பும். துடிப்பு நின்றால் அடுத்தது அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பேசுகிறவர்களுக்கு எதுவும் தெரியாது. போன வருடம் ஒரு நாள் அப்படி உட்காரவில்லை. பதினொரு நிமிடம் எதுவும் பதிவாகவில்லை. அந்தப் பதினொரு நிமிடத்துக்குள் இரண்டு முறை கூப்பிட்டதாக ஒருவர் விசாரணையில் அழுதார். கூப்பிட்டதற்குச் சாட்சி இல்லை. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அழைப்புகள் குறைவாக வரும் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், அவளே வந்து ஒன்றை நிறுத்தி மற்றது எழுகிறதா என்று பார்ப்பாள். வேறு யாரையும் நம்பி விட அவளுக்கு மனம் வரவில்லை.

ஆரம்பிக்கும் முன் மாடியில் இருந்த மேற்பார்வையாளருக்குச் சுவர் ஃபோனில் சொல்லியிருந்தாள். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“கேப்டன், ரெண்டு பத்துக்கு நிறுத்தறேன்.”

“நிறுத்தும்மா. ஞாயித்துக்கிழமைகூட அந்தப் பெட்டிங்களோட குடித்தனம் பண்ற ஆள் நீ ஒருத்திதான். சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பு.”

வீட்டில் மகள் காத்திருந்தாள். இரண்டாம் வகுப்பு. மேல்வரிசை முன்பல் ஒன்று நூலில் தொங்குவது போல் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா வந்துதான் பிடுங்க வேண்டும், அப்பா தொடவே கூடாது என்று காலையிலேயே உத்தரவு போட்டிருந்தாள்.

அந்த நான்கு நொடியில் இரண்டாவது இயந்திரம் என்னதான் பதிவு செய்தது? அவள் தேடினாள். ஒரே ஒரு பதிவு. எந்த இணைப்பு என்று பார்த்தபோது அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அது இந்த அறையின் சுவர் ஃபோன். திரும்பிப் பார்த்தாள். ஃபோன் கொக்கியில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

குளிர்சாதனத்தின் ஓயாத இரைச்சல், இந்த அறையில் இப்போது கேட்கும் அதே இரைச்சல், காதுக்குள்ளும் வெளியிலும் ஒன்றாகக் கேட்டதால் எது பதிவு, எது அறை என்று பிரிக்க முடியவில்லை. அதற்குள் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, சூடான பிளாஸ்டிக்கும் குளிர்ந்த தூசியும் கலந்த அந்த வாடையை யாரோ நிதானமாக இழுப்பது போல ஒரு மூச்சு வந்தது, பிறகு வாய்க்குள் நாக்கை ஒருமுறை சுழற்றி ஈரமாக்கிக்கொண்டு ஒரு பெண் பேசினாள்.

“சரி. இனிமே நான் பாத்துக்கறேன்.”

அவளுடைய குரல்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. இன்று இந்த அறையில் கேப்டனிடம் பேசியது தவிர அவள் வாயே திறக்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மேலே போய்க் கேப்டனோடு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம். பையை எடுத்துக்கொண்டு கதவருகே போய்ப் பூட்டில் தன் அடையாள அட்டையைக் காட்டினாள்.

சிவப்பு விளக்கு.

மறுபடியும் காட்டினாள். சிவப்பு. பூட்டின் மேல் இருந்த சின்னத் திரையில் எழுத்துகள் ஊர்ந்தன: ஏற்கெனவே வெளியேறிவிட்டார்.

இது எப்போதாவது நடப்பதுதான். ஒருவர் அட்டையைக் காட்ட, பின்னாலேயே இன்னொருவர் ஒட்டிக்கொண்டு போய்விட்டால் கணக்குக் குழம்பும். ஆனால் இங்கே யாரும் வரவுமில்லை, போகவுமில்லை. திரைக்குத் திரும்பி வந்து கதவின் பதிவைப் பார்த்தாள். அவளுடைய எண். வெளியேற்றம். இரண்டு மணி பத்து நிமிடம் முப்பத்தொரு நொடி.

கைபேசிக்கு இந்த இரும்புச் சுவர்களுக்குள் ஒருநாளும் சிக்னல் கிடைத்ததில்லை. சுவர் ஃபோனை எடுத்துக் கேப்டனை அழைத்தாள்.

“ஹலோ?”

“கேப்டன், கதவு மாட்டிக்கிச்சு. கொஞ்சம் கீழ வந்து திறங்களேன்.”

“ஹலோ? யாரு?”

“நான்தான் கேப்டன்! கீழ இருக்கேன்!”

“கீழ்த்தளத்து நம்பரு... ஆளு பேச மாட்டேங்குது. லைன்ல என்னமோ கோளாறு.” வைத்துவிட்டார்.

அந்த அழைப்பு திரையில் பதிவாகியிருந்தது. அவர் பேசிய இடங்களில் பச்சைக் கோடு மலை மலையாக எழுந்திருந்தது. அவள் பேசிய இடங்களில், கடைசியில் தொண்டை கிழியக் கத்திய இடத்தில்கூட, கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

அப்போது திரையில் கேப்டனின் இணைப்புக்கான விளக்கு எரிந்தது. நடக்கும் அழைப்பை அப்படியே கேட்கலாம். ஹெட்ஃபோனை மாட்டினாள். வாசல் காவலாளி பேசிக்கொண்டிருந்தார்.

“சார், கீழ் ரூம் சாவி என்கிட்டயே இருக்கட்டுமா?”

“இருக்கட்டும்பா. மேடம்தான் அப்பவே போயாச்சே.”

“பார்த்தேன் சார். எனக்கு டாட்டா காட்டிட்டுப் போனாங்க. வண்டியில ஏறும்போது ஒரே சிரிப்பு.”

“என்கிட்டயும்தான். என்னைக்கும் இல்லாத திருநாளா நின்னு என் பேரப்பிள்ளைய விசாரிச்சிட்டுப் போகுது. நல்லா இருக்கட்டும்.”

அவள் கதவில் மோதினாள். முஷ்டியால். பிறகு நாற்காலியின் காலால். இரும்பு அதிர்ந்தது, ஆனால் அந்த அதிர்வு கையோடு நின்றுவிட்டது போல் இருந்தது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதற்கு அப்பால் வெறும் தாழ்வாரம். குழல்விளக்கு. துடைத்த தரை.

யாரும் இல்லை.

வீடு கால் மணி நேரத் தூரம். மணி மூன்றாகியிருந்தது. வீட்டு எண்ணை அழுத்தியபோது இரண்டு முறை தவறாகப் போய், மூன்றாவது முறைதான் சரியாக விழுந்தது.

“ஹலோ, யாரு பேசறது?” மகள். எழுத்துகள் காற்றில் நழுவின. பல் இருந்த இடத்தில் ஓட்டை.

“கண்ணு, அம்மாடா. அப்பாவக் கூப்பிடு. சீக்கிரம்.”

“ஹலோ? ஹலோ?” குழந்தை ஃபோனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். “அம்மா, யாரும் பேசவே இல்ல!”

சமையலறைக் குழாய் மூடும் சத்தம். ஈரக் கையைத் துணியில் துடைக்கும் சத்தம். காலடிகள், இடது குதிகாலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் காலடிகள். அவளுடைய நடை.

“குடுடா செல்லம். நீ போய்ப் பல்ல அப்பாகிட்ட காட்டு.”

“வலிக்கவே இல்லன்னு சொல்லவா?”

“சொல்லேன்.”

குழந்தை ஓடும் சத்தம் தேய்ந்தது. பிறகு ஒரு மூச்சு, நிதானமாக.

“இன்னும் ஓடிட்டா இருக்க?”

அந்தக் குரலில் கோபமில்லை. அலுத்துப்போன ஒரு அக்கறை இருந்தது. மகள் சாப்பாட்டை மிச்சம் வைக்கும்போது அவள் பேசும் அதே தொனி.

“யாரு நீ? என் குழந்தைய விட்டுடு. ப்ளீஸ். விட்டுடு.”

“நீ பேசறது எனக்கு மட்டும்தான் கேக்குது. ரெண்டும் ஒரே நேரத்துல ஓடக் கூடாது. உனக்குத் தெரியாததா? ரெண்டும் நான்தான் நான்தான்னு எழுதிட்டே இருந்தா எல்லாம் கெட்டுப்போயிடும். நீயே எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்க.”

“நான் நிக்கல! எனக்கு ஒண்ணும் ஆகல! நான் உசுரோட இருக்கேன்!”

“துடிப்பு நின்னுது,” என்றது குரல், மெதுவாக. “நான் பாத்துட்டேதான் இருந்தேன். பல வருஷமா.”

இணைப்பு அறுந்தது.

அவள் தன் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை மாற்றினாள். கழுத்தில் வைத்தாள். குளிர்சாதன இரைச்சலில் விரல் நுனிக்கு எதுவும் புரியவில்லை. அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள்.

கேப்டனின் விளக்கு மறுபடி எரிந்தது. வெளி அழைப்பு. வீட்டு எண். ஹெட்ஃபோனைக் காதோடு நெரித்துப் பிடித்துக்கொண்டாள்.

“கேப்டன், ஒரு சின்ன உதவி. பழைய மெஷின அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். சில சமயம் தானா எழுந்து தொந்தரவு பண்ணும். தாழ்வாரத்துல இருக்கே சுவிட்ச் பலகை, அதுல அந்த ரூம் லைன மட்டும் அணைச்சிடுங்க. லைட்டு, ஏசி, சுவர் ஃபோன், எல்லாம். புதுசுக்குத் தனி லைன், அது ஓடும்.”

“ஓ, அதான் அப்பவே எனக்கு சும்மா அடிச்சுதா? உள்ள போய் ஏதாவது பாக்கணுமா?”

“வேண்டாம். கதவத் திறக்கவே வேண்டாம்.”

ஓடினாள். கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள். தாழ்வாரத்தின் கோடியில் மின்தூக்கி திறந்தது. கேப்டன் வந்தார். சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு.

“கேப்டன்!”

நெருங்கினார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பலகையைத் திறந்தார்.

“கேப்டன், இங்க பாருங்க! இங்க!”

கண்ணாடியைத் தட்டினாள். அறைந்தாள். நகம் ஒன்று பெயர்ந்தது. அவர் நிமிர்ந்தார். கதவருகே வந்தார். குனிந்து நேராக அவள் கண்களைப் பார்த்தார். ஒரு சாண் தூரம். அவருடைய கண்மணிக்குள் குழல்விளக்கு வெள்ளையாகத் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

அவள் கத்தினாள்.

அவருடைய மூச்சில் கண்ணாடி மங்கியது. அவர் பக்கம் மட்டும். சட்டைக் கையால் அதைத் துடைத்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு, அவள் முகம் இருந்த இடத்தில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, மீசையின் இரண்டு நுனியையும் ஈர விரலால் ஒதுக்கிக்கொண்டு, பார்வையை எடுக்காமலே சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.