ஆந்தையின் மூன்றாவது கண்

"ஹலோ... அதுல கை வெக்காதீங்க. அது என்னோடது!"

சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். பாக்கெட்டின் ஒரு முனை அவள் விரல்களில், மறுமுனை ஒரு நீலச் சட்டைக்காரனின் விரல்களில். உள்ளே பொம்மைகளுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் கண்கள். வெள்ளை வட்டத்துக்குள் கறுப்புப் பொட்டு உருளுமே, அந்தக் கண்கள். கடையில் அதுதான் கடைசி பாக்கெட்.

"உங்க பேர் எழுதியிருக்கா?" என்றான் அவன்.

"நான்தான் முதல்ல பாத்தேன்."

"இருக்கலாம். ஆனா அதுங்க எல்லாம் என்னைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. காகிதமும் பசையும் விற்கும் அந்தச் சின்னக் கடைக்குள் இவர்களையும் கடைக்காரரையும் தவிர யாருமில்லை. கடைக்காரர் வேடிக்கை பார்க்கத் தோதாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு முப்பது குழந்தைங்க சார்... புரிஞ்சுக்கங்க."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பாத்தா தெரியலையே..."

"ஸ்கூல்ல!" அவளுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. "நான் மழலையர் பள்ளி டீச்சர். பறவைகள் நாள் வருது. ஆளுக்கொரு பறவை வேஷம்."

"அப்படிச் சொல்லுங்க." அவன் பிடியை விட்டான். "எனக்கு மூணே மூணு போதும். மிச்சத்தை நீங்களே எடுத்துக்கங்க."

"மூணா? எந்தப் பறவைக்கு மூணு கண்ணு?"

"ஆந்தைக்கு. எங்க அக்கா பொண்ணோட ஆந்தைக்கு மூணாம். ரெண்டு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. பின்னாடி எதுக்குடான்னு கேட்டேன்... ரகசியமாம். மாமாவா இருந்தாலும் சொல்ல முடியாதாம்."

அவள் சிரித்துவிட்டாள். பாக்கெட்டைப் பிரித்து மூன்று கண்களை எடுத்து நீட்டினாள். அவன் உள்ளங்கை ரேகைகளில் கரி படிந்திருந்தது.

"கையைக் கழுவிட்டு நீட்டக் கூடாதா?"

"லிஃப்ட் ரிப்பேர் பண்ற கைங்க. கழுவினாலும் இப்படித்தான் இருக்கும்."

மூன்று கண்களும் அந்த உள்ளங்கையில் உருண்டு, ஒன்று கூட மிச்சமில்லாமல் அவளைப் பார்த்தன. அவற்றுக்கு மேலே அவனுடைய சொந்தக் கண்கள் இரண்டு... ஆக மொத்தம் ஐந்து. ஒருத்தி எத்தனை கண்களுக்குத்தான் பதில் சொல்லுவாள்! அவள் குனிந்து குடையைத் தேடுவது போல் பாவனை செய்தாள். குடை அவள் கையிலேயே இருந்தது.

"நான் வரேங்க. ஒரு லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டு இருக்காங்க, அவசரம்..." என்று சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு மழைக்குள் ஓடினான். பேர் கூடக் கேட்கவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் குறையாக இருந்தது.

மறுநாள் வகுப்பில், சுண்டு ஒரு தீப்பெட்டியைத் திறந்தாள்.

சுண்டு பள்ளிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பேச்சு குறைவு. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவாள். கேட்டில் ஆயாவிடம் விட்டுப் போவது மாமா என்று மட்டும் டீச்சருக்குத் தெரியும். தீப்பெட்டிக்குள் பஞ்சு மெத்தை மேல் மூன்று கண்கள் இருந்தன.

'இந்த மாமாவா அந்த மாமா...!'

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. குழந்தைகளுக்கோ கை ஓய்வே இல்லை. மளிகைக் கடைப் பழுப்புக் காகிதப் பையைக் கவிழ்த்து, முகத்துக்கு ஓட்டை போட்டால் தலை. செய்தித்தாளைக் கிழித்து ஒட்டினால் இறகு. முப்பது பறவைகள் பிறந்தன. அவற்றில் எது மயில், எது கோழி என்று பெற்றவர்களாலேயே சொல்ல முடியாது.

அங்கேதான் சிக்கல்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தாய், தன் பையன் செய்த காக்காயைப் பார்த்து, "இது என்ன மிஸ், கெட்டிலா?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். பையன் அழுதான். அடுத்த முறை டீச்சர் குழந்தைகள் போன பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் கொஞ்சம் சரி செய்தாள். பாராட்டு குவிந்தது. தலைமை ஆசிரியைக்கு, அதாவது எல்லோரும் பெரிய மிஸ் என்று கூப்பிடுகிறவருக்கு, தலைகால் புரியவில்லை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அதற்கு அவள் வைத்த செல்லப்பேர் 'ஃபினிஷிங்'. செய்வது சரி என்றால் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிடுவானேன்? அதை மட்டும் அவள் யோசித்ததில்லை.

அன்றும் திரையை இழுத்துவிட்டாள். மற்றப் பறவைகளுக்கு ஐந்தைந்து நிமிஷம். சுண்டுவின் ஆந்தைக்கு முக்கால் மணி நேரம்! ஒரு காது பெரிது, ஒரு காது சிறிது... வெட்டிச் சமமாக்கினாள். இறகெல்லாம் ஒரே பக்கம்... பிய்த்து வரிசையாக ஒட்டினாள். நாளை அந்த இரண்டு கண்கள் இதைப் பார்க்குமே! 'நல்லா இருக்கே மிஸ்' என்று அந்தக் குரல் சொல்லுமே!

பின்னால் இருந்த மூன்றாவது கண்ணிடம் கை தயங்கியது. அது வேண்டுமென்றே ஒட்டிய கண் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதே... 'தப்பா ஒட்டியிருக்கு, டீச்சர் கவனிக்கல' என்பார்களே. மெல்லப் பிய்த்தாள். குப்பைக்கூடை வரை போன கை திரும்பி வந்து, கைப்பையின் சின்ன ஜிப்புக்குள் அதைப் போட்டு மூடியது. ஏன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் வெட்கமாகப் போயிருக்கும்.

பறவைகள் நாளன்று அவன் வந்தான். தலை படிய வாரி, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி.

"நீங்களா...!"

"நீங்களா...!"

அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்குக் கிடைத்த சந்தோஷம். அதற்குள் சுண்டு மேஜை மேலிருந்த ஆந்தைத் தலையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தாள்.

"இது என்னோடது இல்ல."

"பேர் எழுதியிருக்கேடா."

"இல்ல மாமா. என்னோடதுல பின்னாடி கண்ணு இருக்கும். நான் ஒட்டினேன்."

அவன் சிரித்தபடிதான் கேட்டான். "என்ன மிஸ்... எங்க ஆந்தையோட மூணாவது கண்ணு பறந்து போயிடுச்சா?"

அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற பெரிய மிஸ் முந்திக்கொண்டார். "எங்க ஸ்கூல்ல குழந்தைங்க வேலையில டீச்சர் கை படவே படாது சார். எல்லாம் அவங்களே செஞ்சது. இல்லையா மிஸ்?"

சுற்றிலும் பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். ஜிப்புக்குள் அந்தக் கண் இருந்தது. தோளில்தான் பை தொங்கியது. ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாம்...

"அவளேதான் செஞ்சா," என்றாள் டீச்சர். "மூணாவது கண்ணு ஒட்டவே இல்ல. குழந்தைங்கதானே... இல்லாததை இருக்குன்னு சொல்லும்."

சுண்டு அவளை அண்ணாந்து பார்த்தாள். அழவில்லை. "நான் பொய் சொல்லல மாமா," என்றாள், ரொம்ப மெதுவாக.

"எனக்குத் தெரியும்டா." அவன் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியாக இருந்தது. "இவ பொய் சொல்ல மாட்டா மிஸ். வேற யாருக்காவதுதான் மறந்திருக்கும்." குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் போய்விட்டான். ஆந்தை மேஜை மேலேயே கிடந்தது. ஒரு தாய் அதை எடுத்துப் பார்த்து, "என்ன நேர்த்தி!" என்றாள். டீச்சருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

அதைவிடப் பெரிய அடி மறுநாள் வந்தது. களிமண் வகுப்பு. சுண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் சுண்டு, நீ எதுவும் செய்யலையா?"

"நீங்களே செஞ்சிடுங்க மிஸ். நீங்க நல்லா செய்வீங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபம் இருந்திருந்தாலாவது தாங்கியிருக்கலாம். மூன்று நாள் அந்தக் கைகள் எதையும் தொடவில்லை. மூன்று நாளும் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வயசுப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினோமே... ஒரு நல்ல பேருக்காக, ஒரு ஆணின் ஒரு பாராட்டுக்காக! நினைத்தாலே முகம் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் அக்கா, தலைவலி மாத்திரை தேடி அவள் கைப்பையைக் குடைந்தாள். "ஐயையோ, என்னடி இது? கண்ணு வெச்சிருக்கே!"

அவ்வளவுதான். கொட்டித் தீர்த்தாள், கடை முதல் களிமண் வரை.

அக்கா நீள மூச்சு விட்டாள். "நாளைக்கு அந்தக் குழந்தைகிட்ட சாரி சொல்லிடு."

"வகுப்புல... தனியாக் கூப்பிட்டு..."

"பொய்யை ஊர் கூட்டிச் சொன்னே. உண்மையை மட்டும் காதோட காதா சொல்லுவியாக்கும்?"

"வேலை போயிடும்க்கா."

"போகலாம். ஆனா அந்தப் பொண்ணு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதை நீ தினமும் பாக்கணுமே... அது முடியுமா உன்னால?"

அவளால் முடியாது. அன்று மாலையே, பள்ளியிலிருந்து எடுத்து வந்து வைத்திருந்த ஆந்தையை மடியில் வைத்துக்கொண்டு தான் ஒட்டிய இறகுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். பசைத் தடம் போகவில்லை. வெட்டிய காதைத் திரும்ப வளர்க்கவும் முடியவில்லை.

திங்கள் காலை தூறல். கேட்டில் குடைகளின் கூட்டம். சுண்டுவைக் கைப்பிடித்து அவன் வந்தான். டீச்சரைப் பார்த்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். பெரிய மிஸ் வாசலில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் சுண்டுவின் முன் மண்டியிட்டாள். ஈரம் முழங்காலில் ஏறியது.

"சுண்டு... அன்னிக்கு நீ சொன்னதுதான் உண்மை. நான் சொன்னது பொய்." சத்தத்தைக் கூட்டினாள், எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றே. "நீ பின்னாடி ஒட்டின கண்ணை நான்தான் பிச்சேன். உன்னோடது மட்டும் இல்ல... முப்பது பேர் செஞ்சதையும் நான் திருத்தினேன். ரெண்டு வருஷமா இதைத்தான் பண்றேன். பெரிய மிஸ்ஸுக்கு இது தெரியாது."

குடைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"அப்ப எங்க பையனோட மயில்...?" என்றாள் ஒரு தாய்.

"நான்தான்."

"அதானே பாத்தேன்! அவன் கோடு போட்டா சுவத்தைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு திட்டைவிட வலித்தது. "ஆபீஸ் ரூமுக்கு வாங்க. பேசணும்," என்று சொல்லிப் பெரிய மிஸ் விடுவிடுவென்று உள்ளே போனார்.

டீச்சர் ஜிப்பைத் திறந்து அந்தக் கண்ணை எடுத்துக் குழந்தையின் கையில் வைத்தாள். கூடவே ஆந்தையையும் பசை டப்பாவையும் நீட்டினாள். "காதை வெட்டிட்டேன் சுண்டு. அதை என்னால சரி பண்ண முடியல. என்னை மன்னிச்சிடு."

சுண்டு கையிலிருந்த கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, மூன்று நாளாகக் கட்டியிருந்த கைகள் பசை டப்பாவைத் திறந்தன. தேவைக்கு நாலு மடங்கு பசை. அதே இடத்தில் கண்ணை வைத்து அழுத்தினாள். ஆந்தையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"இது எதுக்குன்னு இப்ப சொல்லட்டா மாமா?"

"சொல்லுடா."

"கேட்டைத் தாண்டினா திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க. பாத்தா அழுகை வருமாம். அதான்... நான் திரும்ப மாட்டேன், இது பாக்கும். மாமா நிக்கறாரா, போயிட்டாரான்னு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தூறல்தான் என்று நினைத்துக்கொள்ளலாம். டீச்சருக்கோ தலை நிமிரவில்லை. அந்தச் சட்டம் அவள் போட்டது. அதற்குக் குழந்தை கண்டுபிடித்த வழியையும் பிய்த்தெறிந்தவள் அவள்.

"மிஸ்..." சுண்டு விடுவதாக இல்லை. "இதை ஏன் நீங்க குப்பையில போடல?"

இனி ஒரு பொய் சொல்ல அவளிடம் தெம்பில்லை. அவனைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்தே சொன்னாள்.

"மனசு வரல சுண்டு. இதைக் கடையில வாங்கினவரை... எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அவர் மெச்சணும்னுதான் உன் ஆந்தையை அவ்வளவு நேரம் திருத்தினேன். கடைசியில அவர் முகத்துல முழிக்கவே லாயக்கில்லாதவளாப் போயிட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்தாள். அவன் குரல் பின்னாலிருந்து வந்தது.

"நானும் ஒரு பொய் சொன்னேன் மிஸ்."

அவள் நின்றாள்.

"அன்னிக்கு லிஃப்ட்ல யாரும் மாட்டிக்கல. உங்க பேர் கேக்கத் தைரியம் இல்லாமதான் ஓடினேன். மறுநாள் வேலை முடிஞ்சு அந்தக் கடை வாசல்ல போய் நின்னேன்... கடைக்காரர் சிரிக்கறார்." ஓரடி கிட்டே வந்தான். "உங்க மேல கோபம் இன்னும் பாதி இருக்குங்க. மறைக்க மாட்டேன்."

"இருக்கட்டும்... இருக்கணும்."

"மீதிப் பாதியில வேற ஒண்ணு இருக்கு. அது ரொம்ப நாள் இருக்கும்போலத் தெரியுது. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

மணி அடித்தது. அவள் சுண்டுவின் பிசுபிசுத்த விரல்களைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். உள்ளே ஆபீஸ் ரூம் காத்திருந்தது. வேலை இருக்குமோ, இருக்காதோ... திரும்பிப் பார்க்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது?

பத்தடி நடந்தார்கள்.

"சுண்டு..." அவள் மெல்லக் கேட்டாள். "மாமா போயிட்டாரா?"

சுண்டு நடையை நிறுத்தவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை. பின்னந்தலையில் இருந்த கண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இல்ல மிஸ். நிக்கறாரு. உங்களைத்தான் பாக்கறாரு."

தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி, டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

நின்றுகொண்டிருந்தான்.