ஓரத்தில் ஒரு கேள்வி

அக்கா இறந்து நாற்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, நூலகத்தின் மாடியறையில் வழக்கம்போல் கூடினோம். நூலகர், மருந்துக்கடை அண்ணன், நான். நான்காவதாக, அக்காவின் நாற்காலியை யாரும் எடுத்து வைக்கவில்லை.

அக்கா கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தவர். அவர் கடைசியாகப் படுத்திருந்த மருத்துவமனையில்தான் நான் ரத்தப் பரிசோதனை செய்கிறேன்.

நாங்கள் படித்தது ஒரு போர்ச்சுகீசிய நாவலின் தமிழாக்கம். இப்போது அச்சில் இல்லை. நான்கு பேருக்கும் ஒரே பிரதி. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். படிப்பவர் ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதுவார். அடுத்துப் படிப்பவர் கீழே பதில் எழுத வேண்டும். கூட்டத்தில் எல்லாவற்றையும் உரக்கப் படிப்போம். வாய் திறக்கக் கூச்சப்படும் எனக்குப் பேச்சே அந்த ஓரங்களில்தான். அக்காவோடு அப்படித்தான் நெருங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ரத்தம் எடுக்க வார்டுக்குப் போனபோது புத்தகத்தை என் கையில் வைத்தார்.

"முடிச்சிட்டேன்டி. கடைசி அத்தியாயத்தை எடுத்தா கீழ வைக்க மாட்டே, பாரு."

அன்றே படித்தேன். அந்த அத்தியாயத்தின் ஓரங்கள் வெறுமையாக இருந்தன. சனிக்கிழமை காலை திறந்தால், கடைசிப் பக்கத்தில் அக்காவின் சாய்ந்த கையெழுத்து.

எத்தனை மணிக்கு?

கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்து அழித்தேன். மதியம் திரும்ப இருந்தது. பென்சில் அழுந்திய தடத்தில் தூள் தங்கியிருக்கலாம் என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

தாளில் தடமே இல்லை.

மூன்றாம் முறை அழித்தபோது, கண்ணாடி துடைக்கும் திரவத்தின் வாசனை வந்தது. அக்காவின் விரல்களில் எப்போதும் இருக்கும் வாசனை.

"அந்தத் தந்திக்காரனை என்னால மன்னிக்க முடியல," என்றார் அண்ணன். கதையில் ஒரு தீவு. கப்பல் பாறையில் மோதிவிட்டதென்று தந்தி வருகிறது. தந்திக்காரன் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் போய்ச் சொல்கிறான்; அதற்குள் கப்பல் மூழ்கிவிடுகிறது.

"சாப்பாட்டு நேரத்துல வந்தா அவன் என்ன பண்ணுவான்?" என்றார் நூலகர்.

"நீங்க அவனுக்குத்தான் பேசுவீங்க. ஒரு மணிக்கு மேல உங்களையே சீட்ல பார்க்க முடியாது."

"உடனே சொல்லியிருந்தாலும் படகு போய்ச் சேர்ந்திருக்குமான்னு கதையில இல்லையே."

"அதுதான் சார் வதை." அண்ணன் என் பக்கம் திரும்பினார். வாயில்லாப் பூச்சி என்று என்னைக் கேலி செய்வார். "பூச்சி, நீ என்ன சொல்ற?"

தலையை ஆட்டினேன். சொன்னால் வேலை போகும். இந்த அறையும் போகும்.

அண்ணன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"எத்தனை மணிக்கு?" என்று படித்தார். "அக்கா எழுத்து. உனக்குத்தான் கேட்டிருக்காங்க. ஏன் பதில் எழுதல?"

புத்தகத்தை என் முன்னால் தள்ளினார்.

அந்த வாசனை.

மின்விசிறியின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம். தாளில் பென்சில் உரசும் சத்தம். மேசையில் பென்சில் எதுவும் இல்லை.

"சார்... கேக்குதா?"

"எலியா இருக்கும்மா."

என் கண்ணெதிரே கேள்விக்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன. சாய்ந்த எழுத்துகள். அவசரமே இல்லாமல்.

ஓரத்தில் எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

"ரிசல்ட் எத்தனை மணிக்கு வந்தது?" என்று படித்தேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "ரெண்டு பத்துக்கு," என்று பதிலும் சொன்னேன்.

அண்ணன் நிமிர்ந்தார். "யார்கிட்டம்மா பேசற?"

உரசல் நிற்கவில்லை. அடுத்த வரி.

"வார்டுக்கு எப்போ சொன்னே?"

நூலகர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. அவருக்கும் தெரிகிறது.

உரசல் நின்று காத்திருந்தது.

"ரெண்டு ஐம்பதுக்கு. பொட்டாசியம் ஏழுக்கு மேல இருந்தது, இதயமே நின்னுடுற அளவு, பார்த்த உடனே போன் பண்ணியிருக்கணும். நாற்பது நிமிஷம் பண்ணல அக்கா. இந்தக் கடைசி அத்தியாயத்தைப் படிச்சிட்டிருந்தேன்."