யாருக்கும் கொடுக்காத நம்பர்

புது நம்பரை முஸ்கான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனாலும் சிம் போட்ட மறுநாள் சாயங்காலமே போன் அடித்தது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த சின்ன வீட்டின் சன்னலிலிருந்து பார்த்தால் எதிர் அடுக்குமாடி புளோக்கே தெரியவில்லை. எடுத்து “ஹலோ” என்றாள்.

“வீட்டுக்கு வந்துட்டியாய்யா?” வயதான பெண் குரல்.

“ராங் நம்பர், ஆன்ட்டி.”

அந்தக் குரல் போனை வைக்கவில்லை. கொஞ்சலாக, “சரிம்மா. பக்கத்துல ஜெய் நிக்கிறான்ல, அவன்கிட்ட குடு.”

“இங்க யாரும் இல்ல, ஆன்ட்டி.”

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. யாரும் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தாள்.

பழைய லைன் கணவன் ரமீஸ் பெயரில் இருந்தது. விவாகரத்தோடு அதுவும் போயிற்று. அடுத்த வருஷம் எங்கே இருப்போம் என்று தெரியாதவள் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவாள்? அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை லிட்டில் இந்தியாவில் இருந்தது. அதற்கு அடுத்த தெருவில் போன் கடை வைத்திருந்த நாகூர் கனிதான் இந்த ப்ரீபெய்ட் சிம்மை எடுத்துக் கொடுத்தார். பில் வராது, வேண்டாமென்றால் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார்.

மறுநாள் மத்தியானம் அவரிடமே போய் நின்றாள்.

“நாநா, இது வேற யாரோட நம்பரோ.”

“காசு போட்டு டாப்-அப் பண்ணாம விட்டா லைன் செத்துப்போயிடும்மா. கொஞ்ச நாள் கழிச்சு அதே நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. ப்ரீபெய்ட்னா அப்படித்தான் லா. மாத்தித் தரவா?”

தலையாட்டினாள். ஆனால் மாற்றாமலே திரும்பிவிட்டாள். அந்தக் குரலைத் தவிர அவளைக் கூப்பிட வேறு யாரும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலமும் மழை. பூட்டைத் திறந்து உள்ளே வந்ததும் ஒரு வாடை. ரப்பர் மழைக்கோட்டை நனைந்தபடியே சுருட்டி ரொம்ப நாள் மூடிவைத்தது போலவும், அதனடியில் பெட்ரோலும் மண்ணும் ஊறிக் கிடந்தது போலவும் ஒரு வாடை, கதவோரத்தில் தொடங்கி அவள் கட்டில் வரை வந்து அங்கேயே நின்றது. கதவுக்குப் பக்கத்தில் தரை ஈரமாக இருந்தது. மேல்வீட்டுக் கசிவு என்று நினைத்துத் துடைத்தாள். அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது.

குளியலறைக் குழாயை இறுக மூடியும் சொட்டுச் சத்தம் நிற்கவில்லை. துணியிலிருந்து சொட்டுவது போல மெதுவாக விழுந்தது. ஒருமுறை சன்னல் பக்கம். அடுத்தமுறை நாற்காலிக்குப் பின்னால்.

போன் அடித்தது.

“நான் அன்னம்மா பேசுறேம்மா, செம்பவாங்லேர்ந்து. ஜெய் என் பையன். சாப்பாடு டெலிவரி பண்ணிட்டிருந்தான். மழைல பைக் சறுக்கிருச்சு.” குரல் உடையவில்லை. பலமுறை சொல்லித் தேய்ந்த குரல். “அவன் போனதுக்கப்புறமும் இந்த நம்பருக்கு டாப்-அப் பண்ணிட்டேதான் இருந்தேன். எடுக்கமாட்டான். ஆனா ரிங் போகும்ல, அது போதும். நடுவுல ஆஸ்பத்திரில கிடந்தேன். அப்ப விட்டுப்போச்சு.”

“ஸாரி, ஆன்ட்டி.”

“இனிமே கூப்பிடக் கூடாதுன்னுதான் நெனச்சேன். ஆனா நேத்து நீ எடுத்தியா, உனக்குப் பின்னாடி அவன் மூச்சு கேட்டுச்சு. சளி கட்டுன மாதிரி. அவன் மூச்சு எனக்குத் தெரியாதாம்மா? ஒரே ஒரு தடவை ஸ்பீக்கர்ல போடு. பேசிட்டு வச்சிடுறேன். அப்புறம் உன்னைத் தொந்தரவே பண்ணமாட்டேன்.”

அப்போதே வைத்திருக்கலாம். ஆனால் பெற்றவள் கேட்கிறாள். காற்றோடு பேசி ஆறட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டி, போனைச் சன்னலோர மேசையில் வைத்துக் குனிந்தாள்.

“ஜெய், சாப்டியாய்யா?”

மழை. மின்விசிறி. சொட்டு.

“ஜெய்?”

சொட்டு நின்றது.

முஸ்கானின் பிடரியில் ஏதோ ஈரம் பட்டது. குளிர்ந்த ஈரம். அது முதுகுத்தண்டில் மெல்ல இறங்கியது. காதுக்குப் பின்னால் ஒரு மூச்சு. சளி கட்டிய மூச்சு. உள்ளே இழுத்தது. நின்றது.

“இன்னும் இல்லம்மா.”

அது போனிலிருந்து வரவில்லை.

போனில் அன்னம்மா அழுதாள், உடனே சிரித்தாள். “அங்கேயே இருய்யா. வெளிய மழை பேயுது, எங்கேயும் போகாத. அந்தப் பொண்ணு நல்ல புள்ள. நான் தினமும் கூப்பிடுறேன்.”

“ஆன்ட்டி...” போனை அணைக்கக் கை நீட்டப் பார்த்தாள். கை அசையவில்லை.

கண்ணெதிரே சன்னல் கண்ணாடி. மழை இருட்டு அதைக் கறுப்பாக்கியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அறை அதில் தெரிந்தது. மேசை. போன். குனிந்த அவள் தலை.

அவள் கன்னத்தோடு ஒட்டி, அதே போனை நோக்கிக் குனிந்திருந்தது ஒரு ஹெல்மெட்.

ஈரக் கையுறை போட்ட விரல்கள் அதன் முகக்கண்ணாடியை மெல்ல மேலே தூக்கிக்கொண்டிருந்தன.