பதினாறு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸ்

"பதினாறு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸா? ஏங்க, எங்கம்மா வயிறு என்ன வயிறா, இல்ல குளமா?"

கப்பலின் மேல்தளத்தில் நின்று இப்படிக் கத்தியவள் பிலோமினா. வயது இருபத்திமூன்று. கையில் ஒரு பில், மூக்கு நுனியில் கோபம். எதிரே வெள்ளைச் சட்டையும் கறுப்பு போ-டையுமாக, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற ஸ்டூவர்ட் ஒரு அடி பின்னால் போனான். சட்டையில் 'ஆம்ப்ரோஸ்' என்று பெயர்ப்பட்டை.

"மிஸ்... கொஞ்சம் மெதுவா... அங்க தூங்கிட்டிருந்த வெள்ளைக்காரர் பயந்து எழுந்திரிச்சிட்டாரு."

"எழுந்திரிக்கட்டும்! நேத்துக் காலைலதானே சிங்கப்பூர்ல கப்பல் ஏறினோம்? ஒரே நாள்ல பதினாறு கிளாஸா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

"அம்மா குடிச்சது மூணுதான் மிஸ். மிச்சம் பதிமூணும் அவங்க வரிசையில உக்காந்திருந்த எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தாங்க. 'வெக்கப்படாம குடிங்க'ன்னு வேற சொன்னாங்க."

"எங்கம்மாகிட்ட காசு கேட்டீங்களா?"

"கப்பல்ல யாரும் கையில காசு வாங்க மாட்டோம் லா. சின்னச் சிட்டுத் தாள்ல கையெழுத்து வாங்குவோம். கடைசியில மொத்தமா பில்."

"ஐயோ... அம்மா அதைப் பார்வையாளர் புத்தகம்னு நினைச்சிருக்காங்க!"

ஆம்ப்ரோஸ் பையிலிருந்து ஒரு சிட்டை எடுத்து நீட்டினான். 'திருமதி அந்தோனியம்மாள் அருளானந்தம், செம்பவாங்' என்று முத்து முத்தாகக் கையெழுத்து. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'கப்பல் மிக நன்றாக இருக்கிறது. பையனும் நல்ல பையன்.'

பிலோமினா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். வாய் சிரிப்பதற்கு முன்னாலேயே கண் சிரித்துவிடுகிற ஆள் அவன். அந்தக் கண்களை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டோமோ என்று அவளுக்குப் பட்டது... சட்டென்று பில்லைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

போகாதா பின்னே? பிலோமினா தொலைபேசி நிலையத்தில் ட்ரங்க் கால் ஆபரேட்டர். எட்டு மாதம் மிச்சம் பிடித்து, அப்பா அம்மாவின் வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்காக இந்த நாலு நாள் பினாங்குப் பயணத்துக்குச் சீட்டு எடுத்தவள். "டிக்கெட்லயே எல்லாம் அடக்கம்பா. ஒரு காசு எக்ஸ்ட்ரா கிடையாது" என்று அப்பாவிடம் அடித்துச் சொல்லியிருந்தாள். அப்பா அருளானந்தம் செம்பவாங் டாக்யார்டில் முப்பது வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். சொன்ன சொல் தவறினால் சொந்த மகளையும் விடமாட்டார். இருபத்தாறு வெள்ளி நாற்பது காசு ஜூஸ் பில்லைக் கண்டால், பினாங்கில் இறங்கி ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்.

"எல்லாம் அடக்கம்னுதானே ஏஜென்சில சொன்னாங்க..." என்றாள்.

"சாப்பாடு அடக்கம் மிஸ். சாப்பாட்டு மேசையில தண்ணி, டீ, கோப்பி அடக்கம். மேசையை விட்டு எழுந்து வந்து அதே கோப்பியைக் கேட்டா காசு. அதுக்கு மேல பத்து பர்சென்ட் சர்வீஸ் சார்ஜ். ஏறும்போது போட்டோ பிடிச்சாங்களே, அதுக்கும் காசு."

"அதுக்குமா!"

"வாங்கினாத்தான். பார்த்துட்டு வெச்சிட்டு வந்துருங்க." அவன் யோசித்தான். "மணி என்ன?"

"பன்னிரண்டாகப் பத்து நிமிஷம்."

"அப்போ வாங்க! இருபது டிரிங்க்ஸுக்கு ஒரு கூப்பன் புக் இருக்கு. பதினைஞ்சு வெள்ளிதான், சர்வீஸ் சார்ஜ் கிடையாது. ரெண்டாம் நாள் பன்னிரண்டு மணிக்குள்ள வாங்கினா, பழைய சிட்டையும் அதுல கழிச்சுக்குவாங்க. இதை ஏஜென்சில யாருமே சொல்றதில்ல... ஓடுங்க!"

ஓடினார்கள். ஒரு கையில் தட்டு, மறு கையில் பதினாறு சிட்டு என்று அவன் முன்னால்; சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால். இரண்டு மாடி இறங்கி, ஒரு வளைவு திரும்பி, சீட்டாடிக்கொண்டிருந்த கூட்டத்தை விலக்கி... பணம் கட்டுகிற பர்ஸர் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவை ஒருவர் மூடிக்கொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் இடுக்கில் தட்டைச் செருகினான். கதவு மூடவில்லை.

பதினைந்து வெள்ளியில் கதை முடிந்தது. பிலோமினாவே கட்டினாள். அது போக, நாலு கூப்பன் மிச்சம்!

மூச்சு வாங்க வெளியே வந்தவள், நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பர்ஸைத் திறந்து இரண்டு வெள்ளி நோட்டை நீட்டினாள். அவன் தயங்கிக் கையை நீட்டினான்.

"மினா!"

மாடிப்படியில் அப்பா.

"என்ன அது? லஞ்சமா? கோப்பிக் காசா? என் கண்ணு முன்னாடியேவா?" அருளானந்தத்தின் குரல் அந்த வராந்தா முழுக்கக் கேட்டது. "முப்பது வருஷம் ஸ்டோர் சாவி என் கையில இருந்துச்சு. கோப்பிக் காசுன்னு ஒருத்தன்கிட்ட பத்துக் காசு வாங்கியிருப்பனா? சம்பளம் வாங்குறான்ல, அப்புறம் எதுக்குக் கை நீட்டுறான்? கை நீட்டுற பயலுங்களை எனக்குக் கண்டாலே ஆகாது!"

ஆம்ப்ரோஸின் காது சிவந்துவிட்டது. நீட்டிய கையை மடக்கினான். "சாரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிலோமினாவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கப்பலில் பூமிக்கு எங்கே போவது?

அடுத்த நாள் சாயங்காலம், பினாங்கிலிருந்து திரும்பும்போது, மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் உள்ளே ஓட, ஆம்ப்ரோஸ் மட்டும் மேல்தளத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான். பிலோமினா போய்த் தானும் ஒரு நாற்காலியை மடக்கினாள். விரல் மாட்டிக்கொண்டது.

"விடுங்க மிஸ், இது என் வேலை."

"அப்பா பேசினது தப்பு. கோபமா?"

"கோபம் இல்ல..." மழைத்துளி அவன் இமையில் நின்றது. "எனக்குச் சம்பளம் நூத்து நாப்பது வெள்ளி. இது பத்தாது, டிப்ஸ் சேர்ந்தாத்தான் சம்பளம்னு கம்பெனிக்கே தெரியும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வெள்ளின்னு ரூம்ல பேப்பர்லயே அடிச்சு வெச்சிருக்காங்க. வர்றதை ஒண்ணாச் சேர்த்து, குசினியில பாத்திரம் கழுவுறவர் வரைக்கும் பங்கு வெப்போம். ஃபேரர் பார்க் வீட்டுல அம்மா, படிக்கிற தங்கச்சி... நான் யாரையும் ஏமாத்தலைங்க. ஆனா உங்க முன்னாடி அப்படிச் சொன்னாரே, அதுதான்..."

"என் முன்னாடி சொன்னா என்ன?"

அவன் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் தலை குனிந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மாதாவே, இதென்ன எனக்கு... இந்த ஆளைத் தெரிந்து முழுசாக இரண்டு நாள்கூட ஆகவில்லையே!

நாளைக் காலை சிங்கப்பூர். இறங்கினால் அவள் செம்பவாங்குக்கு; அவன் அடுத்த பயணத்துக்கு. அப்பாவோ, கை நீட்டுகிற பயல் என்று சொன்னவனுக்கு ஜென்மத்துக்கும் பெண் கொடுக்கமாட்டார். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் வேலைக்காகாது. நேரே சாப்பாட்டு மேசைக்குப் போனாள்.

"அப்பா, கோப்பிக் காசை எப்போ கொடுப்பாங்க?"

"வேலை நடக்குறதுக்கு முன்னாடி. மறைச்சு, மேசைக்கு அடியில."

"இது வேலை முடிஞ்ச பிறகு. எல்லாரும் பாக்க, பேப்பர்ல எழுதி வெச்சு. ரெண்டும் ஒண்ணாப்பா? நமக்கு இத்தனை நாளும் அந்த மனுஷன் ஓடி ஓடி வேலை பாத்தாரு. அவரு கூலியை அமுக்கிட்டு இறங்குறது மட்டும் நேர்மையா?"

அருளானந்தம் புட்டிங்கைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார். "பாவம், நல்ல பையன்" என்று அந்தோனியம்மாள் காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

காலையில் இறங்கும் வரிசை. அருளானந்தம் டை கட்டியிருந்தார். வாசலில் நின்ற ஆம்ப்ரோஸிடம் போய், எல்லாரும் பார்க்க ஒரு கவரை நீட்டினார். "தம்பி, மூணு பேர், நாலு நாள், பன்னிரண்டு வெள்ளி. அன்னிக்கு நான் தெரியாமப் பேசிட்டேன். இது உன் கூலி. வாங்கிக்க."

ஆம்ப்ரோஸ் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "குசினி ஆளுங்களுக்கு வேணா அந்தக் கவுண்டர்ல கொடுங்க சார். என் பங்கு எனக்கு வேண்டாம்."

"ஏன்? என் காசு செல்லாதா?" அப்பாவின் மீசை துடித்தது. பின்னால் ஒரு சீனக் கிழவி "க்விக் லா, க்விக்!" என்று குடையால் தரையைத் தட்டினாள்.

"அது இல்ல சார்." அவன் நிமிர்ந்து நின்றான். "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்து பொண்ணு கேக்கலாம்னு இருக்கேன். இந்த வாரம் லீவு. அட்ரஸ் பில்லுல இருக்கு. மாமனார் ஆகப்போறவர்கிட்ட டிப்ஸ் வாங்கிட்டு, அப்புறம் எந்த முகத்தோட சார் வந்து நிக்கிறது?"

பிலோமினாவுக்குக் கால் தரையில் இல்லை. சீனக் கிழவிகூடக் குடையை நிறுத்திவிட்டாள். அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். கவரைக் கவுண்டரில் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் படி இறங்கினார்.

பஸ்ஸிலும் பேசவில்லை. புதன், வியாழன், வெள்ளி... வாய்க்கு ஆணி அடித்ததுபோல் இருந்தார். பிலோமினா வேலையில் ஜகார்த்தா கேட்டவருக்குப் பாங்காக்கைப் போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை, தேக்கா மார்க்கெட். கறிக்கடை வரிசையின் ஈரத் தரையில், கூடையோடு திரும்பிய பிலோமினா ஒருவன்மேல் நேராகப் போய் மோதினாள். அவன் பையிலிருந்து ஆறு மாதுளம்பழம் உருண்டோடியது.

"ஐயோ சாரி... நீங்களா!"

ஆம்ப்ரோஸ்! போ-டை இல்லாமல், தலை கலைந்து, மூன்று நாள் தூங்காத முகம். பழத்தைக்கூடப் பொறுக்காமல் நின்றான்.

"நாளைக்கு வர்றதுக்குத்தான் பழம் வாங்கினேன்... வாங்கிட்டேனே தவிர, வரலாமான்னே தெரியல. உங்கப்பா ஒண்ணுமே சொல்லலையே! வாசல்லயே விரட்டிடுவாரா? நீங்களாவது சொல்லுங்க... உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் போயிடுறேன்."

அவள் குறும்பாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, கறிக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். துடிக்கட்டும் கொஞ்சம்! மூன்று நாள் நான் துடிக்கவில்லையா?

"என்ன தங்கச்சி, காலையிலேயே வந்துட்டீங்க?" கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார் கடைக்காரர் நாகூர் கனி.

"ரெண்டு கிலோ ஆட்டுக்கறி பாய். நல்ல இளங்கறியாப் பார்த்துப் போடுங்க. அப்பாவே விடியக்காலையில எழுப்பி, காசு கொடுத்து அனுப்பினாரு."

"ரெண்டு கிலோவா! வீட்டுல என்ன விசேஷம்? யாருக்கு விருந்து?"

பிலோமினா திரும்பினாள். ஆம்ப்ரோஸின் கண்ணை நேராகப் பார்த்தாள். முகம் சிவந்தது... ஆனால் சொன்னது கடை முழுக்கக் கேட்டது.

"இவருக்குத்தான் பாய். எனக்கு இவரை ரொம்பப் பிடிச்சிருக்கு. நாளைக்கு எங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வர்றாரு."