ஏழாவது இணைப்பு

திரையில் ஆறு இணைப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தன.

லோர்னா பிரைஸ் மறுபடி எண்ணினாள். ஆஸ்திரேலியாவில், கல்கூர்லி ஊருக்கு வடக்கே இருந்த அந்த நிக்கல் சுரங்கத்தில் மத்தியான வெயில் தகரக் கூரையைப் படபடவென்று வெடிக்க வைத்துக்கொண்டிருந்தது. ஜன்னலில்லாத அவள் அறையில் ஏசியின் முனகலும் சூடேறிய தூசியின் வாடையும் மட்டுமே. நிலத்தடித் தளங்களில் இருந்த ஆறு பழைய டெர்மினல்கள் பேசும் முறை வேறு, மேலே புதுக் கணினிகள் பேசும் முறை வேறு. நடுவில் உட்கார்ந்து இரண்டுக்கும் மொழிபெயர்த்தது ரூட்டர். அதைப் பராமரிப்பது அவள் வேலை.

ஏழாவது, ஒன்பதாம் தளத்திலிருந்து வந்தது.

ஆட்களை ஏற்றி இறக்கும் சுரங்கக் கூண்டை இயக்கும் டெஸ்மண்டை போனில் பிடித்தாள். "டெஸ், ஒன்பதாம் தளத்துல திரும்ப டெர்மினல் வச்சியா?"

"வெயில்ல மண்டை காஞ்சுபோச்சா உனக்கு? அங்க வெள்ளம் பூந்து அஞ்சு மாசமாச்சு. மூணு பேரோட உடம்பே இன்னும் கிடைக்கல. அந்த டெர்மினலோட கேபிளை வெட்டினதே நான்தான்."

லோர்னா திரையில் ஏழாவது இணைப்பைத் துண்டித்தாள். மூச்சு விடுவதற்குள் அது திரும்ப வந்தது. இந்த முறை எழுத்துகளோடு. கோடுகள், கட்டங்கள், ஒன்றும் புரியாத குப்பை. ஆனால் ஒரே குப்பை, ஒரே வரிசையில், பூட்டிய கதவை யாரோ பொறுமையாகத் தட்டுவதுபோல.

பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மற்ற ஆறுக்கும் இருந்த மொழிபெயர்ப்பு விதியை ஏழாவதற்கும் எழுதி, என்டரைத் தட்டினாள்.

குப்பை சொற்களானது.

ஷிப்ட் முடிஞ்சுது. மூணு பேர். கூண்டு அனுப்புங்க.

அவளுக்குப் புரிந்தது கூண்டின் கணினிக்கும் புரிந்துவிட்டது. போன் அடித்தது.

"லோர்னா, யாரு கூண்டைக் கூப்பிட்டது? தானா இறங்குது."

"நிறுத்து, டெஸ்!"

"பிரேக் பிடிக்கல." அவன் குரல் இறங்கியது. "ஒன்பதுல நின்னுச்சு. இப்போ ஏறுது. எடை காட்டுது, லோர்னா. ஆள் எடை."

ரூட்டரின் மின்கம்பியைப் பிடுங்கினாள். அதன் விளக்குகள் அணைந்தன. தலைக்கு மேலே, கூரைக்கு வெளியே, பெரிய சக்கரம் சுற்றும் ஓசை நிற்கவில்லை.

ஓடினாள். வெளியே வெள்ளை வெயில். சுரங்க வாயிலில் டெஸ்மண்ட், அசையாமல். இரும்புக் கயிறு நனைந்து ஏறியது. சேற்று வாடை. கூண்டின் மணி மூன்று முறை அடித்தது.

கூண்டு வந்து நின்றது. கம்பிகளுக்கிடையே தண்ணீர் கொட்டியது. பின்னால் மூன்று ஹெல்மெட் விளக்குகள். எரிந்துகொண்டு.

வெளுத்து உப்பிய ஒரு கை வெளியே நீண்டு, நிதானமாகத் தாழ்ப்பாளை விலக்கியது.